லஸ்கர் கதைக்கு ஏழு முடிவுகள் எழுதிவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை

கோரையாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கடை சாத்திய பிறகு கதை எழுதுவது ஐந்தாறு ஆண்டுகளாக இருந்து வரும் பழக்கம். கதையைத் தொடங்குவதில் எனக்கு ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை. நடுப்பகுதியும் தட்டுத் தடுமாறியாவது நகர்ந்துவிடும். முடிக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும்தான், அதுவரை எழுதியதையெல்லாம் வேறு யாரோ எழுதியது போலவும், முடித்துக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது போலவும் ஆகிவிடுகிறது. இப்போது கையில் இருக்கும் கதைக்கு மட்டும் ஏழு முடிவுகள் எழுதிப் பார்த்துவிட்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியூர் அன்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம்: ஆற்று மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்கும் கடைநிலை அரசு ஊழியரை எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்போம். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன அல்லவா, அந்தக் கோரையாற்றிலிருந்து மேலும் பிரிந்து போகும் வாய்க்கால் ஒன்றின் தலைமதகில் என் லஸ்கர் வேலை பார்க்கிறார். தண்ணீர் குறைவான ஆண்டு. முறை வைத்துத்தான் விடுகிறார்கள். அவருடைய தங்கையை அந்த வாய்க்காலின் கடைமடைக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பத்து மா நிலம். சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது. ஒரு நாள் உச்சி வெயிலில் தங்கை அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், வாசலிலேயே நின்று ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறாள், எதையும் கேட்காமல் அடுத்த பேருந்தில் திரும்பிப் போகிறாள். கதையின் முதல் பத்தி இதுதான்.

அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு லஸ்கர் முறை இல்லாத அந்த வாய்க்காலுக்கு ஷட்டரை ஏற்றுகிறார்; நான்கு மணிக்கு இறக்கிவிடுகிறார். விடிந்ததும், முறைக்கு உரிய ஊர்க்காரர்கள் ஆற்றில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு மதகடிக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் தினமும் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் சிநேகிதர்.

இதற்குப் பிறகுதான் எனக்குக் கை ஓடவில்லை. முதல் முடிவில் லஸ்கர் பொறியாளரிடம் தாமே போய் ஒப்புக்கொள்கிறார். இரண்டாவதில் தங்கை வீட்டு நாற்றங்கால் பச்சை பிடித்திருப்பதைப் பார்த்துக் கண் கலங்குகிறார். மூன்றாவதில் அன்று மாலையே மழை கொட்டி, செய்த தவறு அவசியமற்றதாகிவிடுகிறது. நான்காவதில் இடையில் உள்ள ஊர்க்காரர்கள் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஐந்தாவதில் அவரைக் கொன்றுவிட்டேன். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஆறாவதில், சிநேகிதரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் கணத்தில் அப்படியே நிறுத்தினேன். ஏழாவதில், இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் அதே மதகில் நின்று நினைத்துப் பார்க்கிறான்.

என் கேள்வி இதுதான். முடிவு பிடிபடவில்லை என்றால் கோளாறு முடிவில் இருக்கிறதா, முன்னால் எங்கேயோ இருக்கிறதா? முடிவைத் தெரிந்துகொண்டுதான் எழுத உட்கார வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதலில் படித்துப் பிரித்து வைக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகள்தாம் வரும். அவற்றில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. பத்துப் பக்கக் கதையில் ஒன்பது பக்கம் வரை எழுத்து ஒரே சீராக, வரிக்கு இத்தனை சொல் என்று எண்ணி வைத்தது போல வரும். பத்தாம் பக்கத்தில் எழுத்து பெரிதாகி, வலது பக்கம் சாய்ந்து, வரிகளுக்கு இடையே இடைவெளி அகன்றுவிடும். வீட்டு வாசலைப் பார்த்துவிட்ட மாடு போல எழுதுகிறவர் ஓட ஆரம்பித்துவிட்டார் என்பது கதையைப் படிக்காமலேயே தெரிந்துவிடும். இப்போது எல்லாம் தட்டச்சாகிவிட்டதால் அந்த வசதி எனக்கு இல்லை.

இனி உங்கள் முடிவுகளுக்கு வருகிறேன். மழையை முதலில் எடுத்துவிடுங்கள். நம் பக்கத்திலிருந்து வரும் கதைகளில் கடைசிப் பத்தியில் பெய்திருக்கும் மழை உண்மையிலேயே பெய்திருந்தால் மேட்டூர் அணையை நம்பி நாம் உட்கார்ந்திருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. மழைக்கு அடுத்தபடியாக வருவது சாவு. அதையும் நீங்கள் செய்து பார்த்துவிட்டீர்கள், வெட்கப்படவும் செய்கிறீர்கள், நல்ல அறிகுறி. இருபது ஆண்டு கழித்து மகன் நினைத்துப் பார்ப்பது, எழுதுகிறவருக்குத் தம் கதையின் மேல் நம்பிக்கை போய்விட்டபோது செய்கிற காரியம். இத்தனை நாள் கழித்தும் ஒருவன் இதை நினைக்கிறான் என்று காட்டினால், இது நினைக்கத் தகுந்த விஷயம்தான் என்று நாம் ஒப்புக்கொள்வோம் என்ற ஆசை.

ஆனால் எனக்குத் தோன்றுகிற உண்மையான கோளாறு வேறு. உங்கள் ஏழு முடிவுகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை, ‘லஸ்கர் அகப்பட்டாரா, இல்லையா’ என்ற கேள்விக்கும், ‘செய்ததற்குப் பலன் இருந்ததா’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லப் பார்க்கின்றன. இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் முதல் பத்தி கேட்கவே இல்லை. ஒரு பெண் வெயிலில் பேருந்து ஏறி வந்து, கேட்க வந்ததைக் கேட்காமல், தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போகிறாள். அந்தக் கேட்காமையை அண்ணன் எப்படித் தாங்கிக்கொள்ளப் போகிறான் என்பதுதான் அந்தப் பத்தியைப் படித்த எனக்கு எழுந்த கேள்வி. அதன் பிறகு கதை முழுவதும் அவள் வரவே இல்லை. இரண்டாவது முடிவில்கூட அவளுடைய நாற்றங்கால்தான் வருகிறதே தவிர, அவள் வரவில்லை. திருட்டுக் கதை ஒன்றும் தங்கை கதை ஒன்றும் உங்களிடம் இருக்கின்றன. தங்கை கதையைத் தொடங்கிவிட்டுத் திருட்டுக் கதையை முடிக்கப் பார்க்கிறீர்கள். எப்படி ஒட்டும்?

முடிவு தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல எழுத்தாளர்களில் இரண்டு வகையினரும் உண்டு என்பதால் அதில் சட்டம் போட எனக்கு மனமில்லை.


நாலாம் காலம் (திருவாரூர்) எழுதியது:

என் தகப்பனார் தவில் வாசித்தவர். எனக்குக் கை வரவில்லை. காது மட்டும் மிஞ்சியது. முடிவு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, தாள வாத்தியக்காரர்கள் வாசிப்பை முடித்து வைக்கும் தீர்மானம்தான். ‘முத்தாய்ப்பாக ஒன்று சொன்னார்’ என்று கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அந்த முத்தாய்ப்பும் இசைக்காரர்கள் வீட்டுச் சொல்தான்.

கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். அரை மணி நேரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தாலும், கோர்வை என்கிற கடைசிச் சொற்கட்டை மூன்று முறை வாசித்து, பாட்டு எந்த இடத்தில் எடுக்கப்பட்டதோ அந்த எடுப்பில் கொண்டுவந்து இறக்க வேண்டும். எடுப்பு தாளத்தின் முதல் தட்டிலேயே இருந்தால் சிக்கல் குறைவு. அரை இடம் தள்ளி எடுத்த பல்லவியாக இருந்தால், கோர்வை முதல் தட்டில் பிரமாதமாக விழுந்தாலும் அது தவறுதான். ஆகவே வாசிப்பவர் கோர்வையின் நீளத்தை முன்பே அறிந்து, இறங்க வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்குகிறார். சபையில் இருப்பவர்களுக்கு அது அப்போது பிறந்தது போலத் தோன்றும். ஒருமுறை என் தகப்பனார் ஒரு மாத்திரை முன்னதாக முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாகஸ்வரக்காரருக்குத் தெரிந்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் பல்லவியைச் சற்று அழுத்தி எடுத்து மூடிவிட்டார்.

மேலே கும்பகோணத்து அம்மா சொன்னதையே நான் என் பாஷையில் சொல்கிறேன். உங்கள் கதைக்கு எடுப்பு அந்தச் சொம்பு. ஏழு கோர்வைகளும் மதகில் போய் இறங்குகின்றன. சொம்பில் இறங்குகிற மாதிரிப் பின்னோக்கி எண்ணுங்கள்.

இன்னொன்று. கடைசி வரியில் வாசகரைத் தூக்கி வாரிப் போட வேண்டும் என்ற எண்ணம் வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகளிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்டது. மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் பார்க்கப் போகிறவர்களில், தூணிலிருந்து யார் வெளியே வருவார் என்று தெரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். தெரிந்துகொண்டே இரவு முழுவதும் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அடுத்து என்ன’ என்பதில் உள்ள ருசி ஒரு தடவைக்குத்தான்.


மணிக்கூண்டு (மயிலாடுதுறை) எழுதியது:

இருவரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாதாரண வாசகன் பக்கத்திலிருந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பாட்டி எந்தக் கதையைச் சொன்னாலும் ‘கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது’ என்று சொல்லி முடிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வரும். உங்கள் ஆறாவது முடிவைப் போல, இருவரும் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போயிருந்தால் விடிய விடிய அழுதிருப்போம். திறந்த முடிவு, வாசகனின் கற்பனைக்கு இடம் என்றெல்லாம் சொல்கிறார்கள்; பல நேரங்களில் அது, வீடு கட்டியவர் கூரை போடாமல் விட்டுவிட்டு, ‘வானம் தெரிகிறது பாருங்கள்’ என்று சொல்வதைப் போலத்தான் எனக்குப் படுகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதி முடித்தபோது, இப்படித் திடீரென்று நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அவர் அந்த வாசகர்களைக் குறை சொல்லவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதி, கற்பனைக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் முடிவில் உள்ள வேறுபாட்டை விளக்கி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதற்கும் பதில் சொன்னார். மூன்றரை ஆண்டுகள் கூடவே வாழ்ந்தவர்களைப் பற்றி விசாரிக்க வாசகனுக்கு உரிமை உண்டு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். லஸ்கருக்கு வேலை போயிற்றா இல்லையா என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.


நெய்தல் (பூம்புகார்) எழுதியது:

மயிலாடுதுறை நண்பர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை எவ்வளவு குறைந்த இடத்தில் தீர்த்துவிடலாம் என்பதற்கு எங்கள் ஊரில் தொடங்கும் காப்பியமே சான்றாக இருப்பதால், பள்ளியில் அதைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்துக்குப் பத்து, மதுரைக் காண்டத்துக்குப் பதின்மூன்று, வஞ்சிக் காண்டத்துக்கு ஏழு என முப்பது காதைகள். பாண்டியன் அவையில் சிலம்பு உடைவது இருபதாவது காதையிலேயே நடந்துவிடுகிறது. இருபத்திரண்டாவதில் மதுரை எரிகிறது. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது, ‘ஐயா, இதோடு முடித்திருக்கலாமே, கல் எடுக்க இமயம் வரை ஏன் போக வேண்டும்’ என்று கேட்பார். முதல் சில ஆண்டுகள் எனக்கும் உள்ளூர அந்த எண்ணமே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை. பிறகு பதிகத்தைக் கவனமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே எமனாகும் என்பது, புகழ் மிக்க பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்பது, ஊழ்வினை வந்து தன் பயனை ஊட்டியே தீரும் என்பது ஆகிய மூன்றையும் சொல்லவே இந்தக் காப்பியம் என்று அங்கே வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மதுரை எரிந்தவுடன் முடித்திருந்தால் நடுவில் உள்ள வாக்கு நிறைவேறாமல் போயிருக்கும். வஞ்சிக் காண்டம் வால் போல நீள்கிறது என்று நினைப்பவர்கள், தொடக்கத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதை மறந்துவிட்டுக் கதையின் சூட்டில் மட்டும் இருப்பவர்கள்.

ஆனால் உங்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் இன்னும் சிறியது. புகாரில் விட்டுவந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு வாசகருக்கும் இருக்கும். கோவலனின் தந்தை, கண்ணகியின் தந்தை, இரண்டு தாய்மார்கள், மாதவி. இதற்காக ஆசிரியர் கதையை மறுபடி புகாருக்கு இழுத்து வரவில்லை. நீர்ப்படைக் காதையில், வெகு தொலைவில் கங்கைக் கரையில் தங்கியிருக்கும் செங்குட்டுவனிடம், மாடலன் என்ற மறையவன் நடந்ததைச் சொல்கிறான். மாசாத்துவான் பொருளையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டுப் பௌத்தத் துறவியரிடம் போனார். மாநாய்கன் ஆசீவகரிடம் போனார். தாய்மார்கள் உயிர் விட்டார்கள். மாதவி தன் மகள் தன்னைப் போல் ஆகக்கூடாது என்று துறவு பூண்டாள். ஒரு வழிப்போக்கனின் வாயில் சில அடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. படிப்பவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. கதையும் தன் போக்கில் இமயத்துக் கல்லோடு வஞ்சி நோக்கித் திரும்புகிறது.

ஆகவே லஸ்கருக்கு வேலை போயிற்றா என்பதை மயிலாடுதுறை நண்பருக்காக யாராவது ஒருவர் பேச்சுவாக்கில் அரை வரியில் சொல்லிவிட்டுப் போகட்டும். அது முடிவாக இருக்க வேண்டியதில்லை.


கேஜ் புத்தகம் (மன்னார்குடி) எழுதியது:

எனக்கு இலக்கியம் அவ்வளவாகத் தெரியாது. வெண்ணாற்றுக் கோட்டத்தில் கீழ்நிலைப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். கதையில் வரும் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது நடக்காது தம்பி. இரவு பன்னிரண்டு மணிக்கு ஏற்றி நான்கு மணிக்கு இறக்கினால் அந்தத் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. தண்ணீர் என்பது குழாயில் வருவதைப் போல வருவதில்லை. 2022-ஆம் ஆண்டு மேட்டூரில் மே 24 அன்று திறந்தார்கள். கல்லணையில் பிரித்து விட்டது மே 27 அன்று. பெரிய ஆற்றில், பெரிய அளவில் வரும் தண்ணீருக்கே மூன்று நாள் கணக்கு. உங்கள் வாய்க்கால் முறை இல்லாமல் காய்ந்து கிடப்பது. அடியில் வெடிப்பு, ஓரத்தில் நண்டு வளை, குறுக்கே ஆகாயத்தாமரை, எவரோ மண் எடுத்த பள்ளம். முதலில் வரும் தண்ணீரை இவையெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் மீதி நகரும். இந்த நிலையில் உள்ள வாய்க்காலில் நான்கு மணி நேரத் தண்ணீர் நாலைந்து கிலோமீட்டர் போனாலே அதிகம். ஷட்டரை இறக்கியதும் பின்னால் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாததால் அது அங்கங்கே குட்டையாகத் தேங்கி நின்றுவிடும். விடிந்து பார்த்தால் மேல்பகுதியில் யாரோ ஒருவருடைய நாற்றங்கால் ஓரம் நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் நான்காவது முடிவில் இதற்கு வெகு அருகில் வந்துவிட்டு, பழியைக் கொண்டுபோய் ஊர்க்காரர்கள் தலையில் போட்டுவிட்டீர்கள். கரையை ஒருவரும் வெட்ட வேண்டியதே இல்லை. வாய்க்காலே குடித்துவிடும்.

இதில் இன்னொன்று உண்டு. உங்கள் லஸ்கருக்கு எத்தனை ஆண்டு சர்வீஸ் என்று நீங்கள் எழுதவில்லை. இருபது ஆண்டு இருந்தவராக இருந்தால், தண்ணீர் போய்ச் சேராது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஷட்டரைத் திருகும்போதே தெரியும். திருகு மரை துருப்பிடித்துக் கிடந்தால் அது போடும் சத்தம் அரை மைல் கேட்கும். அந்தச் சத்தத்தோடு, பயன் இல்லை என்று தெரிந்த வேலையை ஒருவர் நடுராத்திரியில் தனியாகச் செய்கிறார். ஏன் செய்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் சர்வீஸில் அப்படிச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் கேஜ் புத்தகத்தில் மட்டத்தை எழுதும்போது அவர் எண்ணை மாற்றாமல் உள்ளதை உள்ளபடியே எழுதினார். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.


அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

மன்னார்குடி ஐயா, இலக்கியம் தெரியாது என்று இனிமேல் எங்கும் சொல்லாதீர்கள்.


கோரையாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாட்களாக இந்தப் பதில்களைத்தான் கடையிலும் வீட்டிலும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மன்னார்குடி ஐயா சொன்ன விஷயம் முதலில் என்னைச் சங்கடப்படுத்தியது. கடைமடையில் பிறந்து வளர்ந்தவன், தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வரும் என்பதைக்கூட யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். சிறு வயதில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு நாங்கள் வாய்க்கால் கரையில் ஓடிப் போய் நிற்போம். முன்னால் நுரையும் சருகும் செத்தையும் மெதுவாக உருண்டு வரும். அதன் கூடவே நாங்கள் நடந்து வருவோம். நடை வேகம்கூட அதற்கு இருக்காது, நின்று நின்றுதான் வருவோம். இது எனக்குத் தெரிந்ததுதான். எழுதும்போது மட்டும் மறந்துவிட்டது.

இப்போது மாற்றி எழுதிப் பார்த்திருப்பதைச் சொல்கிறேன். ஷட்டரை ஏற்றும்போதே லஸ்கருக்குத் தண்ணீர் போகாது என்று தெரியும். ஆனால் இதைக் கதையில் நான் எங்கும் சொல்லவில்லை. திருகும்போது வரும் சத்தத்தை மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். காலையில் முறைக்காரர்கள் வருகிறார்கள், சிநேகிதரும் வருகிறார், சத்தம் போடுகிறார்கள். லஸ்கர் கேஜ் புத்தகத்தை நீட்டுகிறார். அதில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுச் சிநேகிதர் மற்றவர்களிடம், ‘மேலேயே குறைத்து விட்டிருக்கிறான், வாருங்கள்’ என்று அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். வேலை போகவில்லை என்பது மயிலாடுதுறை நண்பருக்கு இதிலேயே தெரிந்துவிடும் என்று நம்புகிறேன். சிநேகிதர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதை நான் தொடவில்லை.

அன்று மாலை, மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து, லஸ்கருக்கு முகம் மட்டும் பழக்கமான ஒரு பெரியவர் சைக்கிளில் வருகிறார். கேரியரில் ஒரு பூசணிக்காய். ராத்திரி வந்த தண்ணீரில் தம் நாற்றங்கால் பிழைத்துக்கொண்டது என்றும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டு, காயை மதகுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். தங்கைக்காகத் திறந்த தண்ணீருக்கு முன்பின் தெரியாதவர் கொடுத்த கூலி அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடவும் முடியவில்லை, ஆற்றில் எறியவும் மனம் வரவில்லை. இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலை அதைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு தங்கை ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்.

இங்கேதான் மறுபடி தயக்கம். திருவாரூர் ஐயா சொன்னபடி சொம்பில் இறங்க வேண்டும் என்றால், அவர் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவர் அதை அண்ணாந்து குடிக்க வேண்டும். எழுதியும் பார்த்தேன். கணக்குச் சரியாக வருகிறது. சரியாக வருவதாலேயே பயமாகவும் இருக்கிறது. உரக்கடைப் பேரேட்டில் வரவும் செலவும் நேராகிவிட்ட பக்கத்தைப் பார்ப்பது போல இருக்கிறது. அவர் தண்ணீர் குடிக்கிற வாக்கியத்தை ஒன்பது விதமாக எழுதி அடித்துவிட்டேன். என்ன செய்யலாம்?


நாலாம் காலம் (திருவாரூர்) எழுதியது:

நீங்கள் பயப்படுவது சரிதான். கோர்வையை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பதால், மூன்றாவது முறை எங்கே விழப்போகிறது என்பது இரண்டாவது முறையிலேயே சபைக்குத் தெரிந்துவிடும். பாட்டுக்காரர் பல்லவியை எடுப்பதற்கு முன்பே ரசிகர் மனதுக்குள் எடுத்துவிடுவார். கதையில் நீங்கள்தான் பாட்டுக்காரரும் என்பதால், எடுக்காமல் விட்டுவிட உங்களுக்கு இடம் உண்டு. வாசகருக்குச் சொம்பு நினைவு வந்துவிட்டது என்றால் போதும். வர வைக்க வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு. அதற்குப் பேருந்தில் அவருக்குத் தாகம் எடுத்தாலே ஆயிற்று.


அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

பூசணிக்காயோடு அவரைப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள் தம்பி. மடியில் வைத்துக்கொள்ளட்டும், நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்கட்டும், ஜன்னல் வழியாகக் காய்ந்த வாய்க்கால் கூடவே வந்துகொண்டிருக்கட்டும். ஊர் வந்ததும் இறக்கிவிட வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். கையால் எழுதி அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது, கடைசிப் பக்கத்தை நான் பார்க்க வேண்டும்.